இம்மானுவேல் சேகரன்: ஒரு வாக்கின் விலை

நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கரிசல் நிலத்துக் காலனிகளில் ஒரு கேள்வி எழுகிறது. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வாக்களிப்பதற்காக நாகலாபுரம் வரை வந்து திரும்ப வேண்டுமானால் குறைந்தது இரண்டு நாள் கூலி போகிறது. பேருந்துச் செலவு தனி. வாக்குப்பதிவு நாளுக்குத் தினக்கூலித் தொழிலாளருக்கும் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கட்டடப் பணியில் நிற்பவருக்கு அச்சட்டம் எட்டுவது அரிது. இவ்வளவும் செலவிட்டு வந்து யாருக்கோ வாக்களித்து என்ன ஆகப்போகிறது? யார் வென்றாலும் கண்மாய் அப்படியே மேடிட்டுக் கிடக்கிறது, மானாவாரி மிளகாய் மழையை நம்பியே காய்கிறது.

கல்லூரி மாணவர்கள் இதே கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகின்றனர். 1932இல் பூனா ஒப்பந்தம் ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு, பொது வாக்காளர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கீட்டு இடங்களைக் கொடுத்தது. எண்ணிக்கையில் இடங்கள் கூடின. ஆனால் அவ்விடங்களில் அமர்பவர் சாதி இந்துக்களின் வாக்கை நம்பியே வெல்ல வேண்டியவரானார். அண்ணல் அம்பேத்கரே 1952இல் வட பம்பாய்த் தொகுதியிலும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். இத்தகைய ஏற்பாட்டில் நம் வாக்கு யாருக்குப் பயன்படுகிறது என்று அவர்கள் கேட்பதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை.

விடையைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நாகலாபுரத்திலிருந்து கிழக்கே கமுதியைக் கடந்தால் முதுகுளத்தூர். 1957இல் அந்த வட்டாரத்தில் ஓர் இடைத்தேர்தலில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்காக மக்கள் வீடுகளை இழந்தனர், உயிரையும் இழந்தனர். அந்நிகழ்வின் நடுவில் நின்றவர் இம்மானுவேல் சேகரன். சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அவர் ஒரு நாளும் உறுப்பினராக அமர்ந்ததில்லை. பதவியால் அளக்க முடியாத வாழ்வு என்பதாலேயே வாக்கின் பயனைப் பற்றிப் பேச அவரை எடுத்துக்கொள்கிறோம்.

அவர் 1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் வட்டத்துச் செல்லூரில் தேவேந்திரகுல வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஆசிரியர். ஒடுக்கப்பட்டோர் வீட்டில் எழுத்தறிந்த தந்தை இருப்பது அக்காலத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் அரிய வாய்ப்பு. எவ்வளவு அரிது என்பதை விளக்க ஒரு செய்தி போதும். 1930 டிசம்பரில், இம்மானுவேலுக்கு ஆறு வயதானபோது, அம்மாவட்டத்துக் கள்ளர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது என்பதும், சொந்தமாக நிலம் வைத்திருக்கக் கூடாது என்பதும் அவற்றில் சேர்ந்தன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்து வைத்ததால் இன்று நம் கையில் சான்று இருக்கிறது.

இப்பட்டியலை வாக்குரிமையோடு இணைத்துப் படிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி வாக்களிக்கச் சொத்தோ வரியோ கல்வியோ வேண்டும். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்களுக்குத்தான் அத்தகுதி இருந்தது. நிலம் வைத்திருக்கக் கூடாது, படிக்கக் கூடாது என்று ஊர் தடுத்தால், அந்தத் தடையே வாக்காளர் பட்டியலுக்கு வெளியிலும் அவர்களை நிறுத்திவிடும். ஒடுக்கப்பட்டோருக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1919இலேயே சவுத்பரோ குழு முன் அம்பேத்கர் வாதாடியதன் காரணம் இங்கே விளங்குகிறது.

இம்மானுவேல் 1942இல், தம் பதினெட்டாம் வயதில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்துகொண்டு மூன்று மாதம் சிறையில் இருந்தார். 1945இல் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தார் ஆனார். 1946இல் திருமணம், மனைவி ஆசிரியர். ராணுவ வாழ்க்கையைப் பற்றி நீட்டிச் சொல்ல நம்மிடம் அதிகம் இல்லை. ஆனால் சீருடை அணிந்து, எல்லாருடனும் ஒரே வரிசையில் நின்று உண்டு பழகிய ஒருவர், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருக்கும் ஊருக்குத் திரும்புவது எத்தகைய அனுபவம் என்பதை வாசகர் உணர முடியும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது நாட்டில் ஒன்று மாறியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பு, இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை வழங்கியிருந்தது. படிப்பு, நிலம், வரி எதுவும் கேட்கப்படவில்லை. 1952 பொதுத் தேர்தலில் ராமநாதபுரத்துப் பண்ணையாரும் அவர் நிலத்தில் களை பறித்த பெண்ணும் ஆளுக்கு ஒரே மதிப்புள்ள சீட்டைப் பெற்றனர். ஊர் மாறவில்லை, சட்டம் மாறிவிட்டது. இந்த இடைவெளியில்தான் இம்மானுவேல் தம் பணியைத் தொடங்கினார்.

இங்கே எதிர்த்தரப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆப்பநாட்டு மறவர்கள் மீது 1929இல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. குற்றம் செய்யாதவரும் காவல்நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டிய இழிவு அது. அதை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். 1937 தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்று ராமநாதபுரம் அரசரையே தோற்கடித்தார். 1947இல் அச்சட்டம் நீங்கியது. வாக்கினால் அரண்மனையை வீழ்த்த முடியும் என்பதை இவ்வட்டாரத்தில் முதலில் கண்டவர்கள் மறவர்களே. தம் கையில் ஆயுதமாக இருந்த வாக்கு, தம் நிலத்தில் உழைப்பவர் கைக்கும் வந்தபோது ஆதிக்க மனம் அதை ஏற்க மறுத்தது. இந்த முரணை மறவர் சமூக மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

இம்மானுவேல் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் லீக்கின் மாவட்டப் பணிகளில் முன்னின்றார். ஊர் ஊராகச் சென்று கூட்டம் போட்டார். இரட்டைக் குவளையை எதிர்த்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். அடித்தால் காவல்நிலையத்தில் புகார் கொடுக்கச் சொன்னார். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதை வாசித்துச் சொல்லவும், புகார் எழுதித் தரவும், சாட்சி சொல்லும் துணிவை ஊட்டவும் ஒருவர் வேண்டியிருந்தது. இவையெல்லாம் தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடையில் நடக்கும் வேலை. வாக்களிப்பது மட்டுமே அரசியல் என்று அவர் கருதியிருந்தால் அவருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு நாள்தான் வேலை இருந்திருக்கும்.

அவர் தேர்ந்துகொண்ட கட்சி காங்கிரஸ். அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பை விட்டு அவர் காங்கிரஸில் நின்றது ஏன் என்று இன்றைய மாணவர்கள் கேட்பதுண்டு. ராமநாதபுரத்துக் களத்தில் அன்று அரசும் காவல்துறையும் காமராசரின் காங்கிரஸிடம் இருந்தன. ஆதிக்கத்தின் பலம் பார்வர்டு பிளாக் பக்கம் திரண்டிருந்தது. அடி வாங்கும் மக்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது ஓர் அரண். அவரது தேர்வைக் கொள்கையை விடக் களத்தின் நெருக்கடியே முடிவுசெய்தது என்று நாம் கருதுகிறோம். அந்த அரண் எவ்வளவு மெலிந்தது என்பது பின்னர் தெரிந்தது.

1957 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தது. அன்றைய வாக்குப்பதிவு முறை இன்றைய இளைஞர்களுக்குப் புதிதாக இருக்கும். சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் அப்போது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. அதன்மேல் அவரது சின்னம். மறைவிடத்துக்குள் சென்று விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஏற்ற ஏற்பாடு. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் மறைத்து வெளியே கொண்டுவந்து விற்கவும் அதில் வழியிருந்தது. வாக்குக்குப் பணம் என்பது இன்று முளைத்த நோயன்று. ஆனாலும் அந்த மறைவிடத்துக்குள் நின்ற சில நொடிகளில் ஒரு பண்ணையாள் என்ன செய்தார் என்பதை எவரும் பார்க்க முடியாது.

தனி ஒருவரின் வாக்கு அவ்வாறு மறைந்திருந்தது. ஒரு தெருவின் சாய்வு மறையவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கொடி ஏறியது, எவர் வீட்டுத் திண்ணையில் எந்தக் கட்சிக்காரர் உட்கார்ந்து பேசினார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். வாக்களித்தவரைக் கண்டுபிடிக்க முடியாதபோது தண்டனை தெரு முழுவதன் மேலும் விழும். முதுகுளத்தூரில் நடந்தது அதுவே.

அத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடத்திலிருந்து விலகினார். ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வெற்றி பெற்றார். தேவேந்திரர்களும் நாடார்களும் பெரும்பாலும் காங்கிரஸ் பக்கம் நின்றனர். எல்லா ஊரிலும் எல்லாரும் அப்படியே நின்றனர் என்பதற்கில்லை. ஆயினும் மோதலின் கோடு அவ்வாறுதான் விழுந்தது. தேர்தலையடுத்து ஊர்களில் தாக்குதல்கள் தொடங்கின. குடிசைகள் எரிந்தன. கவனிக்க வேண்டியது, வென்ற தரப்பிலிருந்தும் பழிவாங்கல் எழுந்தது என்பது. தொகுதி அவர்கள் கையில் இருந்தது. ஆனால் தங்கள் சொல்லைக் கேட்டே வாக்களிக்க வேண்டியவர்கள் வேறு பெட்டியைத் தேடிச் சென்றதை அந்த வெற்றியால் ஈடுசெய்ய முடியவில்லை.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் சி.வி.ஆர். பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவர் வந்திருந்தார். தேவேந்திரர் தரப்பின் பேராளர்களில் ஒருவராக இம்மானுவேல் அமர்ந்திருந்தார். அமைதி வேண்டி எல்லாத் தலைவர்களும் ஒரே அறிக்கையில் கையெழுத்திடலாம் என்று ஆட்சியர் தரப்பு முன்மொழிந்தது. தேவர் அதற்கு இசையவில்லை. தனித்தனித் தாளில் கையெழுத்தானது. ஒரே வாக்காளர் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் பெயர் இருக்கலாம், ஒரே தாளில் கையெழுத்து இருக்கக் கூடாது என்பதே அந்த அறையில் வெளிப்பட்ட நிலை. முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தம் மக்களின் பேராளராகச் சரிசமமாக அமர்ந்து வாதாடியதை அன்று எத்தனை பேர் பொறுத்துக்கொண்டிருப்பர்!

மறுநாள், 1957 செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் ஒரு கும்பல் அவரை வெட்டிக் கொன்றது. முப்பத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மனைவியும் நான்கு பெண் குழந்தைகளும் தனித்து நின்றனர்.

அதன்பின் வட்டாரமே பற்றி எரிந்தது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மறவர்கள் ஐவர் இறந்தனர். இரு தரப்பிலும் பலர் மாண்டனர். எரிந்த வீடுகளில் மிகப் பெரும்பான்மை ஒடுக்கப்பட்ட மக்களுடையவை. முத்துராமலிங்கத் தேவர் செப்டம்பர் இறுதியில் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்க் கைதானார். கொலை வழக்கிலும் சேர்க்கப்பட்டார். 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மக்கள் தாக்கப்பட்டபோது காக்க முன்கூட்டியே வராத அரசு, கொலைக்குப் பின் துப்பாக்கியோடு வந்தது. நாம் குறிப்பிட்ட மெலிந்த அரண் இதுதான்.

அவர் கொல்லப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவில் ஐசனோவர் 1957ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த சட்டம். பல் இல்லாத சட்டம் என்று விமர்சிக்கப்பட்டது. எழுத்தறிவுத் தேர்வு வைத்துக் கறுப்பின மக்களைப் பட்டியலிலேயே சேர்க்காத தென் மாநிலங்கள் 1965 வரை அசையவில்லை. மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்ய உழைத்த ஜார்ஜ் லீ என்ற போதகர் 1955இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே பட்டியலில் பெயரைச் சேர்ப்பதே போராட்டம். இங்கே அரசமைப்புச் சட்டம் பெயரைச் சேர்த்துவிட்டது; அப்பெயருக்கு உரியவர் தம் விருப்பப்படி சீட்டைப் போட்டுவிட்டு வீடு திரும்புவது போராட்டமாயிற்று.

இப்போது மாணவர்களின் கேள்விக்கு வருவோம். முதுகுளத்தூர் மக்கள் போட்ட வாக்கினால் என்ன கிடைத்தது? கணக்கை மறைக்க வேண்டாம். அவர்கள் ஆதரித்த கட்சி அந்த இடைத்தேர்தலில் தோற்றது. வீடுகள் போயின. தலைவர் போனார். வாக்களியுங்கள், எல்லாம் மாறும் என்று தேர்தல் ஆணையத்தின் சுவரொட்டி சொல்வதை இக்கணக்கு தாங்காது.

ஆனால் வேறொன்று நடந்தது. பண்ணையாரின் வாக்கோடு பண்ணையாட்களின் வாக்கையும் சேர்த்தே எண்ணிக்கொண்டு வந்த பழக்கம் உடைந்தது. ஒரு காலனியின் வாக்கை அக்காலனியிடமே வந்து கேட்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. கேட்க வருபவர் பொய் சொல்லலாம், பணம் கொடுக்கலாம். ஆயினும் வந்தாக வேண்டும். இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். இந்த அளவுக்காகத்தான் அத்தனை வன்முறையும் நடந்தது என்பதை மறக்கலாகாது. பயனற்ற ஒன்றைத் தடுக்க எவரும் வீடு கொளுத்துவதில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் 1996இல் ஒதுக்கீடு பெற்றபின், 2006 வரை அங்கே முறையான தேர்தலே நடக்கவிடப்படவில்லை. ஓர் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு அவ்வளவு அச்சம் இருந்தது.

நாகலாபுரத்துக்குத் தெற்கே ஓட்டப்பிடாரம் வட்டத்தில் கொடியன்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை அவ்வூருக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கியது; கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஓட்டப்பிடாரம் மருத்துவர் கிருஷ்ணசாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் பின்னாளில் எடுத்த நிலைப்பாடுகளை நம் வாசகர்கள் பலர் ஏற்கமாட்டார்கள், நாமும் ஏற்பதில்லை. எனினும் 1996இல் அம்மக்கள் அளித்த வாக்கு, கொடியன்குளத்தை மறக்க முடியாதபடி அவைக்குள் கொண்டுசென்றது.

புறக்கணிப்பும் இந்த வரிசையில் வரும். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது வேங்கைவயல் மக்கள் புறக்கணிப்பை அறிவித்ததும் அதிகாரிகள் ஊர் தேடிச் சென்று பேசினர். கூடி முடிவெடுத்து, காரணத்தை அறிவித்து வாக்கை நிறுத்திவைப்பதும் வாக்கைப் பயன்படுத்துவதே. திருப்பூரிலேயே தங்கிவிடும் ஒருவரின் விலகலை எவரும் அறியப்போவதில்லை. அதைப் பெயரில்லாத ஒரு விழுக்காடு விழுங்கிவிடும். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவும் எதிர்ப்பைப் பதிவுசெய்யுமே தவிர முடிவை மாற்றாது; அதிக வாக்குப் பெற்ற வேட்பாளரே வெல்வார்.

இம்மானுவேல் சேகரன் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2010இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவர் நினைவிடத்துக்குத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டதில் ஆறு பேர் இறந்தனர். இன்று ஏறத்தாழ எல்லாக் கட்சிகளும் அந்நாளில் மலர்வளையத்துடன் வருகின்றன. மணிமண்டபமும் அறிவிக்கப்பட்டுள்ளது. வாக்கு இல்லாத மக்களின் தலைவருக்கு இவ்வளவு மலர் வந்திருக்காது என்பது வெளிப்படை.

மலர்வளையம் கொண்டுவருபவர்களிடம் கேட்க நம்மிடம் ஒரு கேள்வி உண்டு. காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி பின்னர் வந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் அது போய்விட்டது. படிவம் 20ஐத் தரவிறக்கினால் எந்தச் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்று எவரும் பார்க்கலாம். காலனிக்கென்று தனிச் சாவடி இருக்கும் ஊரில் அது காலனியின் வாக்கைப் பலகையில் எழுதி வைப்பதற்குச் சமம். பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. அடுத்த செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்குச் செல்லும் மாணவர்கள், அங்கு வரும் கட்சித் தலைவர்களிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.